மட்டக்களப்பு, அம்பாறைக்குப் பணிக்கு வருபவர்களுக்கு: இனம், எல்லை, காணி பற்றி வாய் திறப்பதற்கு முன்

அக்கரைப்பற்றுக்கு மேற்கே ஒரு வயல் வட்டையில் நடந்த தண்ணீர்க் கூட்டத்தில், பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஒரு வசனம் சொன்னேன். வாய்க்கால் முறை வைப்பதில் மேல்வட்டைக்காரருக்கும் கீழ்வட்டைக்காரருக்கும் பிணக்கு. அதைத் தணிக்கலாம் என்று எண்ணி, "நாங்க எல்லாரும் தமிழ் ஆக்கள்தானே, நமக்குள்ள எதுக்குப் பிரச்சினை?" என்றேன். முன்வரிசையில் இருந்த வயதான முஸ்லிம் வட்டவிதானை (வட்டையின் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர்) தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, நாங்க தமிழ் பேசுற ஆக்கள். தமிழ் ஆக்கள் இல்ல. அத முதல்ல எழுதிக்கங்க, மறுகா தண்ணிக் கதையக் கதைப்பம்" என்றார். அவர் கோபப்படவில்லை, ஆனால் அன்றைய கூட்டம் தண்ணீரைப் பற்றிய கூட்டமாக நடக்கவில்லை. நான் மட்டக்களப்பு நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அந்த வட்டை என் வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலப் பஸ் பயணம். அவ்வளவு பக்கத்திலிருந்து போனவனுக்கே அது தெரியவில்லை என்றால், யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ முதன்முறையாக வருகிற ஆசிரியர், கள உத்தியோகத்தர், ஆய்வு மாணவர் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி ஓரளவுக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

முதற்படி: பஸ்ஸில் ஒரு தடவை போய் வாருங்கள்

அலுவலகச் சுவரிலுள்ள நிலப்படத்தைப் பார்த்து இந்தப் பிரதேசத்தை விளங்கிக்கொள்ள முடியாது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் பஸ்ஸில் சன்னல் ஓரமாக அமர்ந்து, ஊர்ப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போங்கள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பல இடங்களில் இரண்டு ஊருக்கும் நடுவே ஓர் ஒழுங்கையோ ஒரு மதிலோதான் இருக்கும். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் கண்ணகி அம்மன் கோயில், அந்தப் பக்கம் பள்ளிவாசல். இரு பக்கத்திலும் தாய்வழியில் வரும் குடி (வம்சக் குழு) முறை உண்டு. இரு பக்கத்திலும் வீடு பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் தாங்கள் வேறு வேறு சமூகம் என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவரே பெரும்பாலும் தவறு செய்கிறார்.

வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் சார்ந்த பகுதி படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்பதே பொருள். படுவான்கரை என்றதும் பின்தங்கிய இடம் என்று நினைத்துப் பேசும் பழக்கம் நகரத்தாருக்கு உண்டு. அதை நீங்களும் தொற்றிக்கொள்ள வேண்டாம்.

எண்ணிக்கையையும் மனத்தில் வைத்திருங்கள். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் தமிழர், 25 பேர் முஸ்லிம்கள். அம்பாறையில் ஏறத்தாழ 43 பேர் முஸ்லிம்கள், 39 பேர் சிங்களவர், 17 பேர் தமிழர். ஆகவே ஒரு மாவட்டத்தில் பெரும்பான்மையாக இருப்பவர் அடுத்த மாவட்டத்தில் மூன்றாம் இடத்தில் இருக்கிறார். மட்டக்களப்பில் பேசிப் பழகிய வாய் மாவட்ட எல்லையிலுள்ள பெரியநீலாவணையைத் தாண்டியதும் சற்றுத் தயங்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒருவர் தம்மை எப்படி அழைக்கிறாரோ அப்படியே அழையுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் மிகுதியாகச் சறுக்கும் இடம் இதுதான். அங்கே தமிழ் முஸ்லிம் என்பது இயல்பான சொல். இங்கே அது ஒரு பழைய வழக்கின் தீர்ப்பை நீங்களாகவே வாசிப்பது போன்றது. 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர், அதாவது இங்குள்ள முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். அந்த வாதம் சட்டசபைப் பிரதிநிதித்துவத்தோடு தொடர்புடையதாகவே பார்க்கப்பட்டது. ஆகையால் இங்குள்ள முஸ்லிம்களுக்கு அது வெறும் இனவியல் ஆராய்ச்சியாகத் தோன்றுவதில்லை, தங்கள் தனித்துவத்தைப் பறிக்க முயன்ற கதையாகவே நினைவில் நிற்கிறது. இன்றும் அரச கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், இலங்கைச் சோனகர் என்று இரண்டு வெவ்வேறு பகுப்புகள் உள்ளன. பேச்சில் முஸ்லிம்கள் என்றால் போதும். சோனகர் என்பது ஆவணத்துக்கும் அவர்களே சொல்லும் இடத்துக்கும் உரியது. அதன் சுருக்கத்தை வெளியார் சொன்னால் அது ஏச்சாகிவிடும்.

தமிழ் பேசும் மக்கள் என்ற தொடருக்கும் வரலாறு உண்டு. தமிழரசுக் கட்சி இரு சமூகத்தையும் சேர்த்துச் சொல்வதற்கு அதைப் பயன்படுத்தியது; 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் அக்கட்சியின் சார்பில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்கள் வெற்றி பெற்றார்கள். 1981இல் காத்தான்குடியில் எம்.எச்.எம். அஷ்ரப் ஶ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கிய பிறகு, அந்தத் தொடர் சிலருக்கு அன்பான அழைப்பாகவும் சிலருக்குப் பழைய பிடியாகவும் ஒலிக்கிறது. மொழியைப் பற்றிப் பேசும்போது அதைப் பயன்படுத்துங்கள். அரசியலைப் பற்றிப் பேசும்போது தமிழர்களும் முஸ்லிம்களும் என்று இரண்டாகச் சொல்வதே பாதுகாப்பானது.

உறவுப் பெயரிலும் கவனம் வேண்டும். தமிழ் வீட்டில் அண்ணன், அக்கா. முஸ்லிம் வீட்டில் காக்கா, ராத்தா. அதைத் திருப்பிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்; ஆனால் சரியாகச் சொன்னால் தேநீர் சீக்கிரம் வரும்.

கணக்கில் சிறியவர்களையும் மறக்கக்கூடாது. மட்டக்களப்பு நகரில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியின் எச்சத்தைப் பேணும் பறங்கியர் இருக்கிறார்கள். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர் இருக்கிறார்கள். "நீங்க தமிழர்தானே?" என்று அவர்களிடம் கேட்பதைவிட "உங்கட முன்னோர் எந்தப் பக்கத்தவர்?" என்று கேட்டால் விடை நீளமாகவும் உண்மையாகவும் வரும். அம்பாறையின் மேற்குப் பகுதிச் சிங்களக் கிராமங்களில் குடியேற்றவாசி என்ற சொல்லை முகத்துக்கு நேரே பயன்படுத்த வேண்டாம். 1950களில் வந்தவரின் பேரன் அங்கேயே பிறந்து, அங்கேயே பாடசாலை சென்று, அங்கேயே யானைக்குப் பயந்து காவல் இருந்தவன். குடியேற்றத் திட்டத்தை விமர்சிப்பது வேறு, அவனைப் பார்த்து வந்தேறி என்பது வேறு.

மூன்றாம் படி: இடத்தின் பெயரைச் சொல்லும்போது என்ன சொல்லிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வடகிழக்கு என்று சேர்த்துச் சொல்வதும், வடக்கு கிழக்கு என்று பிரித்துச் சொல்வதும், கிழக்கு மாகாணம் என்று தனித்துச் சொல்வதும் இங்கே ஒன்றல்ல. 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி இரு மாகாணங்களும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. இணைப்பு நீடிக்க வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் கேட்கும் வாக்கெடுப்பு ஒருபோதும் நடக்கவில்லை. 2006 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது. 2007 ஜனவரி முதலாம் திகதி மாகாணங்கள் பிரிந்தன. 2008 மே மாதம் கிழக்குக்குத் தனி மாகாண சபைத் தேர்தல் நடந்தது. தமிழர் பலருக்கு இணைந்த வடக்கு கிழக்கு என்பது தாயகம். முஸ்லிம்கள் பலருக்கு அந்த இணைப்பு தாங்கள் எண்ணிக்கையில் சுருங்கிப்போகும் ஓர் ஏற்பாடு. அதனால்தான் தென்கிழக்கு அலகு என்றும் கரையோர மாவட்டம் என்றும் வேறு கோரிக்கைகள் அவர்களிடம் எழுந்தன. சிங்களவர் பலருக்கு அது நாட்டைப் பிரிக்கும் முதற்படி. நீங்கள் அலுவலக அறிக்கை எழுதுகிறீர்கள் என்றால் கிழக்கு மாகாணம் என்று இன்றைய நிருவாகப் பெயரையே எழுதுங்கள். ஒருவர் சொன்னதைப் பதிகிறீர்கள் என்றால் அவர் சொன்ன சொல்லை மாற்றாதீர்கள். தாயகம் என்றவரின் வாயில் மாகாணம் என்று திணிப்பதும் ஒருவகைக் களவுதான்.

அம்பாறைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1961 வரை அது மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. தேர்தல் மாவட்டமாக அதன் பெயர் திகாமடுல்ல. நீர்ப்பாசன அலுவலகக் கடிதத்தில் கல்லோயா என்று வரும் ஆற்றை, கரையோரத் தமிழ்ப் பேச்சில் பட்டிப்பளை ஆறு என்பார்கள். கூட்டத்தில் எவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதல் முறை எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள்.

கல்முனைக்குக் கடிதம் அனுப்புபவர் உறையில் முகவரி எழுதும்போதே மாட்டிக்கொள்வார். கல்முனை வடக்கில் உப பிரதேச செயலகம் என்று ஒன்று 30 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்குகிறது. உப என்ற இரண்டு எழுத்தை நீக்கி முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்று தமிழர்கள் கேட்கிறார்கள். 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதமும் நடந்தது. நகரின் கடைத்தெருவும் வருமானமும் நிலத்தொடர்பும் துண்டாடப்படும் என்று முஸ்லிம் தரப்பு மறுக்கிறது. உறையில் உப என்று எழுதினால் ஒருவர் முகம் சுளிப்பார், எழுதாவிட்டால் மற்றவர். அந்த அலுவலகம் தான் அனுப்பும் கடிதத் தலைப்பில் எப்படி அச்சடித்திருக்கிறதோ அப்படியே எழுதுவது என் வழக்கம். இதில் அபிப்பிராயம் கேட்பார்கள். வந்து மூன்று மாதமானவருக்கு அபிப்பிராயம் இருக்க வேண்டியதில்லை.

எல்லைக் கிராமம் என்ற சொல்லையும் கவனியுங்கள். படுவான்கரையின் மேற்கு ஓரத்தில் தமிழர் தங்கள் ஊரை அப்படிச் சொல்வார்கள். சில கிலோமீட்டர் அப்பால் சிங்களவரும் தங்கள் ஊரைத் தங்கள் மொழியில் அப்படியே சொல்வார்கள். எந்த எல்லை என்று கேட்டுப்பாருங்கள். இருவரும் கையை எதிர்த்திசையில் நீட்டுவார்கள்.

நான்காம் படி: கதையை எந்த ஆண்டில் தொடங்குகிறார்கள் என்று கவனியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க நேரமிருந்தால் இதை வைத்திருங்கள். காணிப் பிணக்கில் ஒருவர் சொல்லும் முதல் ஆண்டே அவருடைய நிலைப்பாடு. சிங்களக் கிராமத்தவர் ஒருவர் அம்பாறையிலுள்ள பழைய பௌத்தத் தலமான தீகவாபித் தாதுகோபத்தில் தொடங்குவார். அவருக்குக் கதை 2000 ஆண்டுப் பழமையானது, குடியேற்றம் என்பது திரும்பி வருதல். தமிழர் ஒருவர் கல்லோயாக் குடியேற்றத் திட்டம் தொடங்கிய 1949இல் தொடங்கி, அந்தப் பள்ளத்தாக்கில் தமிழர் தாக்கிக் கொல்லப்பட்ட 1956 ஜூனுக்கு வருவார். முஸ்லிம் விவசாயி ஒருவர் 1990இல் தொடங்குவார். அந்த ஆண்டில் வயலுக்குப் போக முடியாமல் போனவர்கள் திரும்பியபோது வரம்பு மாறியிருந்தது. இன்னொருவர் கடல்கோளில், அதாவது 2004 டிசம்பர் 26இல், தொடங்கி, அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி நிதியில் கட்டி முடித்தும் வழக்கினால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்த 500 வீடுகளைப் பற்றிச் சொல்வார். 2020 ஜூனில் தொடங்குபவரும் இருக்கிறார். கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென்று அப்போது அமைக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை.

இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் கூட்டத்தைத் தொடங்கும்போது ஓர் ஆண்டைச் சொல்லித் தொடங்காதீர்கள். "இந்தப் பிரச்சினை 1990இலிருந்து இருக்கிறது" என்று அறிமுக உரையில் சொன்ன ஓர் அதிகாரியை நான் அறிவேன். அரை மண்டபம் அவருக்குப் பின்னர் எதையும் கேட்கவில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தின் மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரை இதற்கு நல்ல பாடம். பெரும்போகம் தொடங்கியதும் வயற்பகுதியில் மாட்டை வைத்திருக்க முடியாது. விதைத்த வயலை அழித்துவிடும். அதனால் பண்ணையாளர்கள் மந்தையை அந்தத் தரைக்குக் கொண்டுபோய் அறுவடை முடியும்வரை வைத்திருப்பது வழக்கம். அதே நிலம் மகாவலித் திட்டத்தின் எல்லைக்குள் வருவதும், வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர் செய்ததும் பிணக்கின் வேர். 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அங்கே போய் "இது யாருடைய நிலம்?" என்று கேட்டால் அரசியல் உரை ஒன்று கிடைக்கும். "எத்தனை உருப்படி, எந்த மாதம் ஏற்றுவீங்க, எந்தக் குளத்தில் தண்ணி காட்டுவீங்க, போன வருசம் எத்தனை செத்தது?" என்று கேட்டால் நிலத்தின் முழுக் கதையும் கிடைக்கும். பயிர் செய்பவரிடமும் அதே மாதிரி விதைநெல்லையும் கிணற்றையும் பற்றிக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பத்திரத்தைப் பற்றிக் கேட்கும் முறை

உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) இருக்கிறதா என்பதே முதற் கேள்வியாக இருக்கக்கூடாது. உறுதி இல்லாதவர் தமக்கு உரிமையில்லை என்று நீங்கள் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார். இங்கே பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெர்மிட். சிலரிடம் அளிப்புப் பத்திரம். சிலரிடம் கிராம உத்தியோகத்தர் கொடுத்த ஒரு துண்டுக் கடிதம். இடப்பெயர்விலும் கடல்கோளிலும் பெட்டியோடு போனவை பல. "என்னென்ன கடிதம் வச்சிருக்கீங்க, எல்லாத்தையும் பார்ப்பமா?" என்று கேளுங்கள். பொலித்தீன் பையிலிருந்து மின்கட்டணப் பட்டியல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மானிய உரச் சிட்டை எல்லாம் வரும். எல்லாவற்றையும் பாருங்கள், எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

ஆறாம் படி: நாட்காட்டி

கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் ஊரின் நினைவு நாளைக் கேளுங்கள். காத்தான்குடியில் ஓகஸ்ட் 3 சுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினம். 1990இல் அன்று இரவு இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சத்துருக்கொண்டானில் செப்டெம்பர் 9. அதே ஆண்டு, கொல்லப்பட்டவர்கள் தமிழர்கள், குழந்தைகளும் உட்பட. அரந்தலாவையில் 1987 ஜூன் 2. பஸ்ஸில் சென்ற இளம் பிக்குகள். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல். இவற்றை ஒரே மூச்சில், ஒன்றுக்கு ஒன்று ஈடாகச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நான் இங்கே ஒரு பந்தியில் சேர்த்து எழுதியிருப்பது நாட்காட்டிக்காக மட்டும். சத்துருக்கொண்டான் தாயிடம் காத்தான்குடியைப் பற்றியோ, காத்தான்குடித் தாயிடம் சத்துருக்கொண்டானைப் பற்றியோ சமநிலை கருதிச் சொல்வது ஆறுதலாகாது. அவராகச் சொன்னால் கேட்டிருங்கள். ஏப்ரல் 2019க்குப் பிறகு காத்தான்குடிக்காரர் ஒவ்வொருவரும் தாம் செய்யாத ஒன்றுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறந்தவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் சொல்லையும் மாற்றாதீர்கள். முஸ்லிம்களின் ஷஹீத், தமிழரின் மாவீரர், சிங்களவரின் ரணவிரு என்பவற்றை மேற்கோளில் அப்படியே எழுதலாம். உங்கள் சொந்த வசனத்தில் கொல்லப்பட்டவர், இறந்தவர் என்பன போதும்.

கடைசிப் படி: எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்

கூட்டம் முடிந்ததும் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வாகனத்தில் ஏறுவதே வெளியாரின் வழக்கம். அப்படிச் செய்யாமல், எழுதியதை உரக்க வாசியுங்கள். சிங்களம் மட்டும் தெரிந்தவர் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வசனம் வசனமாகச் சொல்லட்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி என்பதால், தமிழில் பிரதி கேட்பவருக்கு அது சலுகையல்ல, உரிமை. அதே உரிமை எதிர்ப்பக்கத்தாருக்கும் உண்டு.

சென்ற ஆண்டு மூன்று ஊரார் சேர்ந்து ஒரு குளக்கட்டுத் திருத்தத்துக்காகக் கூடினார்கள். இரண்டு பக்கக் குறிப்பை நான் வாசித்தபோது, ஒரு சிங்கள முதியவர் தம் ஊருக்கு முன்னால் இருந்த குடியேற்றம் என்ற சொல்லை வெட்டிக் கிராமம் என்று எழுதச் சொன்னார். உடனே தமிழ்ப் பெண்மணி ஒருவர், அப்படியானால் அந்த இடத்தின் பழைய தமிழ்ப் பெயரும் பக்கத்தில் வர வேண்டும் என்றார். முஸ்லிம் விவசாயச் சங்கச் செயலாளர், குளத்தின் பெயரைத் தாங்கள் சொல்வது போலவும் ஒரு தடவை எழுதுங்கள் என்றார். குளக்கட்டின் நீளம், மண் எத்தனை லோட், யார் எத்தனை நாள் வேலைக்கு வருவது என்பவற்றில் ஒருவருக்கும் மறுப்பில்லை. மூன்று சொல்லுக்கு முக்கால் மணித்தியாலம் போனது. பிறகு வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்தது. மூன்று பேரும் ஒரே பேனையால் கையெழுத்திட்டார்கள்.